அக்காவின் வலது பக்கம்

அக்காவுக்கு வலது மார்பில், கக்கத்தை ஒட்டி ஒரு கட்டி வந்திருந்தது. அதைக் காட்டத்தான் டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பார்த்தார்.

இளம்பிள்ளை வாதத்தில் அவளுடைய வலது கால் சூம்பிப் போயிருந்தது. வலது கக்கத்தில் ஒரு கட்டையை இடுக்கிக்கொண்டுதான் நடப்பாள். நான் சொல்வது அறுபதுகளின் ஆரம்பம். நாகல் நகரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தது அவள்தான். ஆனால் ஜலதோஷம் என்று போனாலும் டாக்டர்மார் காலைத்தான் தட்டிப் பார்ப்பார்கள். இவரும் தட்டினார். கட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"கட்டை உரசி வீங்கியிருக்கு. மேல துணியச் சுத்திக்கிடு," என்றார்.

ரவிக்கையை அவிழ்க்கச் சொல்ல அவருக்குக் கூச்சம், அவிழ்க்க இவளுக்குக் கூச்சம். அம்மா பழைய சேலையைக் கிழித்துக் கட்டையில் சுற்றினாள். கட்டி மட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனது.

ஊரில் பெண் டாக்டர் இல்லாமல் இல்லை. மாடியில் இருந்தார். குறுகலான மரப்படி, பிடித்து ஏற ஒரு கம்பி கிடையாது. கீழே நின்ற கம்பவுண்டர், "ரெண்டு ஆம்பளையக் கூட்டிட்டு வாங்க, தூக்கிட்டுப் போயிருவாங்க," என்றார். என்னமோ அரிசி மூட்டையைப் பற்றிப் பேசுவது போல.

"வாடி, வீட்டுக்குப் போவோம்," என்றாள் அக்கா.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை நாங்கள் வந்த ஜட்கா வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு மடமடவென்று படியேறினேன். காத்திருந்தவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும் என்று நேரே உள்ளே போனேன்.

"டாக்டரம்மா, எங்கக்காவால ஏற முடியாது. நீங்க செத்த நேரம் இறங்கி வந்து பாருங்க."

வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. எழுந்து என் பின்னாலேயே வந்தார். இரண்டு போர்வை வரவழைத்து வண்டியின் முன்னும் பின்னும் கட்டச் சொன்னார். வண்டிக்காரர் குதிரையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்க, டாக்டரம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன்.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"வருசம் ஆச்சும்மா."

"இதுவரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கலையா?"

"இல்லம்மா."

இறங்கி வந்தவரின் முகம் வெளிறியிருந்தது. "புத்துநோய்னு நினைக்கிறேன். நாளைக்கே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார். இதற்கா துணி சுற்றச் சொன்னான் அந்த மனுஷன்?

மதுரை ஆஸ்பத்திரியில் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தே எல்லா இடத்துக்கும் கொண்டுபோனார்கள். கட்டை வார்டுக்குள் எதற்கு என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர் அக்கா நடந்து பார்த்ததே இல்லை. மார்பையும் அதற்கு அடியில் இருந்த சதையையும் கக்கம் வரைக்கும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். உயிருக்கு இனிப் பயமில்லை என்றார். அம்மா அழுதுகொண்டே கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

புண் ஆறி வீட்டுக்கு வந்த அன்று, அம்மா வழக்கம்போலக் கட்டையை எடுத்து நீட்டினாள். அக்கா வலது கையைத் தூக்கப் பார்த்தாள். வீங்கிக் கனத்திருந்த கை எழும்பவில்லை. கட்டையைத் தாங்கக் கக்கத்தில் சதையும் இல்லை, வெறும் தழும்புதான். இடது பக்கம் மாற்றிப் பார்த்தாள். சாய்ந்து விழப் போனவளை நான் பிடித்துக்கொண்டேன். அந்த வலது கையால்தான் இவள் நடக்கிறாள் என்பது மதுரையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. காலைப் பார்த்தவன் மார்பைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தவர் காலைப் பார்க்கவில்லை.

"சரி, விடுங்க. கொல்லைப் பக்கம் போகணும்," என்றாள் அக்கா.

கட்டிலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். இடது கையை ஊன்றி, இடுப்பை இழுத்து இழுத்து நகரத் தொடங்கினாள். சின்னப் பிள்ளையில் அப்படித்தான் போவாளாம், நான் பார்த்ததில்லை. பிழைத்து வந்துவிட்டாள் என்று பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் கால்களை மடக்கிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்கள்.