பதினெட்டு வயதுக் குரல்

அறுநூறு கேசட்டுகள் பதிவான பிறகுதான், தப்பு செய்தது நான் என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை வேறு யாருக்கும் தெரியாது. என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஓசூர் தொழிற்பேட்டையில் கேசட் பதிவு செய்யும் கம்பெனி அது. நான் குவாலிட்டி செக்கிங். பதிவுக்கு முன் மூலமான மாஸ்டர் டேப்பைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்குப் பர்கூரில் கல் உடைக்கும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலப் பாட்டு என்றால் என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை அதிகம்.

அன்று வந்தது ஒரு பிரிட்டிஷ் ராக் பாடகரின் மாஸ்டர். ஆறு மாதமாக அவர் பாட்டுகளை ஹெட்போனில் கேட்டு வந்தவள் நான். ஸ்டவ் இரைவது போன்ற கரகரத்த குரல் அவருக்கு. இதிலோ குரல் மெல்லிசாக, கீச்சென்று இருந்தது. மாஸ்டர் வேகமாக ஓடுகிறது என்று எழுதிக் கொடுத்தேன்.

"நல்லாத் தெரியுமாம்மா?" என்றார் மெஷின் ஆபரேட்டர் ரஷீத் பாய்.

"அவர் குரல் எனக்குத் தெரியாதா பாய்?"

"ஆமாமா, உனக்கு மாமன் மொறையாச்சே."

சிரித்துக்கொண்டே ஸ்பீடைக் குறைத்தார். குரல் தடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

மதியம் அச்சகத்திலிருந்து கேசட் அட்டைகள் வந்தன. பிழை பார்க்க எடுத்தேன். புகழ் பெறுவதற்கு முன், பதினெட்டு வயதில், ஒரு சின்னக் குழுவோடு மதுக்கூடங்களில் அவர் பாடித் திரிந்த நாட்களின் பதிவுகள் இவை என்று அச்சாகியிருந்தது. முதல் பாட்டு மூன்று நிமிடம் பத்து வினாடி. முடிந்த கேசட் ஒன்றைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டேன். மூன்று நிமிடம் இருபத்திரண்டு வினாடி. மறுபடி ஓட்டினேன். அதேதான். விடலைப் பையனின் குரலை இழுத்து வயசாளி ஆக்கியிருந்தேன்.

நாலு மணிக்குப் பெங்களூர் பார்ட்டி சரக்கெடுக்க வருவார். பன்னிரண்டு வினாடியைக் கடையில் வாங்குபவர் யார் எண்ணப்போகிறார்? பேசாமல் இருந்தால் போயே போய்விடும். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், நிறுத்துங்க," என்றேன்.

சூப்பர்வைசர் மூர்த்தி சார் ஓடி வந்தார். "யார் ஸ்பீடைக் கொறைக்கச் சொன்னது?"

ரஷீத் பாய் மெஷினை அணைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார்," என்றேன்.

"டேப்போட ஆரம்பத்துல வேகம் பாக்க டெஸ்ட் டோன் இருக்குமே, மீட்டர்ல பாத்தியா?"

"பாக்கல சார்."

"இங்கிலீஷ் படிக்கத் தெரியும்னு எடுத்தோம். அட்டை வர்றதுக்குள்ள உன் காது படிச்சு முடிச்சிடுச்சாக்கும்."

நாலு மணிக்கு வந்த பார்ட்டி மாஸ்டரையும் எங்கள் கேசட்டையும் கேட்டார். "ஏம்மா, இவன் சின்ன வயசுல எப்படிக் கத்துனான்னு கேக்கத்தான ஜனங்க வாங்கறாங்க? அதப் போயி ரிப்பேர் பண்ணிட்டீங்களே." நாளை மாலை வருவதாகச் சொல்லிக் காலி வண்டியோடு போனார்.

அறுநூற்றையும் அழித்து, மறுநாள் மூன்று மணிக்குள் மறுபடி பதிவு செய்தோம். வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரந்தரம் மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போனது. வீட்டில் காரணத்தோடு சொன்னேன்.

புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத குரல் வந்தால் பயந்து நாமே மீட்டரைப் பார்த்துவிடுவோம். தெரிந்த குரல் வரும்போதுதான் கட்டாயம் பார்க்க வேண்டும்.