டி டிரைவில் இருந்த மீன் பேரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். காசிமேடு மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால் பேரம் பேசாமல் திரும்ப மாட்டேன். ஒருநாள் என்னோடு வந்த மகள், வீட்டுக்கு வந்ததும் துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் போலவே பேசிக் காட்டினாள். "இன்னாம்மா, கண்ணு இப்டி செவந்துகீது? உன் மீனு ராத்திரி தூங்கலியா?" அதைத் தன் போனிலேயே வீடியோ எடுத்து, வீட்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றி வைத்தாள்.

"எம்மா, டி டிரைவுல போட்டுட்டேன். சி போனாலும் டி போவாது" என்றாள்.

எங்கள் பக்கம் எல்லாருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் டோல்கேட்டில் உள்ள ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போவோம். கடைக்காரர் சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவார். டி-யில் வைத்த கல்யாண போட்டோ, வளைகாப்பு வீடியோ எல்லாம் அப்படியே வீடு திரும்பும். டி என்றால் எங்களுக்கு பீரோ லாக்கர் மாதிரி.

பிறகு ஒருநாள் காலேஜுக்குக் கிளம்பிப் போனவள் திரும்பவில்லை. எண்ணூர் சாலை, கன்டெய்னர் லாரி. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் போனும் அங்கேயே நொறுங்கிப் போயிற்று. அவள் குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த ஒரு வீடியோதான்.

அதையும் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. "உன் மீனு ராத்" என்கிற இடத்தில் படம் நின்றுவிடும். மகள் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பாள்.

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குண்ணே. புது விண்டோஸ் இதுல ஏறாது" என்றார் கடைக்காரர். என் வீட்டுக்காரருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எம் பொண்ணு தொட்ட பொட்டிய்யா இது" என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அங்கே கூட வேலை செய்கிற ஒருவர், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பழைய பெட்டியிலும் லேசாக ஓடும் என்று. அதில் ஏகப்பட்ட வகை இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் ஏற்றாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாமாம். மனுஷன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றைப் போட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்ளோ யோசிக்கலியே நீ" என்றேன்.

"கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார். மகள் போனபின் அவர் என்னைக் கிண்டல் செய்தது அன்றுதான்.

கடைசியில், விண்டோஸில் இருந்த மாதிரியே ஸ்டார்ட் பட்டன் திரையின் இடதுமூலையில் இருக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நான் தடுமாறக் கூடாதாம். பென் டிரைவிலிருந்து அதை ஓட்டி, டி-யைத் திறந்து, வீடியோவைப் போட்டார். எங்கும் நிற்கவில்லை. மீனு ராத்திரி தூங்கலியா என்று முழுசாகக் கேட்டாள். கடைசியில் "எம்மா, அடிக்க வராத" என்று சிரித்தாள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

இதையே நிரந்தரமாக ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். பாதியில் திரை இங்கிலீஷில் ஏதோ கேட்டது.

"எல்லாத்தையும் அழிச்சிடவான்னு கேக்குதுமே."

"டி கீதுல்ல?"

"டி எங்க போவப் போவுது" என்று அமுக்கிவிட்டார்.

ஏறி முடிந்ததும் பார்த்தால் டி-யைக் காணோம். ஒரே டிஸ்க்கை நடுவில் தடுத்துத்தான் சி, டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அழிந்ததை மீட்டுத் தருவார்கள் என்று ரிச்சி தெருவில் எத்தனையோ கம்ப்யூட்டர் கடை ஏறி இறங்கினோம். ஏதேதோ திரும்ப வந்தது. அந்த வீடியோ வரவில்லை.

அவரை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். தப்பு செய்தவரைத் திட்டினால் மனசு ஆறும். ஆசையாகச் செய்தவரைத் திட்டி என்ன ஆறும்? கம்ப்யூட்டர் இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. தட்டினால் உடனே திறக்கிறது. பார்க்கத்தான் எதுவுமில்லை.

போன வாரம் சங்கரா மீன் வாங்கி வந்து, கழுவ உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஏமே, மார்க்கெட்டுல பேசுவியே, அத்த ஒரு தபா பேசேன்."

"இன்னாத்துக்குய்யா?"

"அவ உன்ன மாதிரியேதான பேசினா."

கையில் மீனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னாம்மா, கண்ணு இப்டி செவந்துகீது" என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.