மூன்றாவது மாடிக்காரியின் முகம்

மத்தியான வேளைகளில் அக்கா மூக்கில் துணிக் கிளிப்பை மாட்டிக்கொண்டு படுத்திருப்பாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. அப்படிச் செய்தால் மூக்கு எடுப்பாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிக்காரர், துறைமுகத்தில் அதிகாரி. அம்மா கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். நான் அப்பாவை உரித்து வைத்திருந்தேன், அக்கா அம்மாவை.

தமிழ்ச் சங்க நாடகத்தில் மீனாட்சியாக நடிக்க அக்காவுக்கு ஆசை. "இந்த மூக்குல மூக்குத்தி நிக்காதேம்மா" என்று மாமி ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒவ்வொரு வருடமும் அவளுக்குக் கிடைத்தது சீன யாத்ரீகன் வேஷம்தான். தெருப் பிள்ளைகளுக்கு அவள் சீனாக்காரி. அம்மாவின் பிறந்த வீட்டிலோ கறுப்பி. அம்மா அந்தக் கிளிப்பைப் பிடுங்கிப் போடுவாள். அப்பாவிடம் கற்ற நெல்லைத் தமிழில்தான் திட்டுவாள்: "ஏளா, மூக்கு மூச்சு விடத்தாம்ளா."

அக்காவின் பத்தொன்பதாவது வயதில் அம்மா இறந்துபோனாள். அக்கா அழவில்லை. கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். வீட்டிலிருந்த கண்ணாடிகளின் மேலெல்லாம் துண்டைப் போட்டு மூடினாள். அதில் அம்மா தெரிகிறாள் என்றாள். துர்கா பூஜைப் பந்தலில் சிலை வேலை முடிந்து தெருமுனையில் கிடந்த களிமண்ணை ஒருநாள் வாளியில் அள்ளிக்கொண்டு வந்தாள். ஏன் என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பால்கனியில் உட்கார்ந்து பிசைந்து பிசைந்து ஒரு முகத்தைக் கொண்டுவரப் பார்த்தாள். நெற்றியும் கன்னமும் வந்துவிட்டன, மூக்கு மட்டும் பிடிபடவில்லை. அவளே எழுந்து போய்க் கண்ணாடியின் துண்டை எடுத்தாள். அம்மாவின் மூக்கைச் செய்ய அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சேறு படிந்த விரல்களால் அதை வெகுநேரம் தடவிக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்று தொடங்கிய கை நிற்கவில்லை. சிற்பக்கலை படித்தாள், ஹவுரா பட்டறைகளுக்குப் போய் வெண்கலம் வார்க்கக் கற்றாள், வெளியூர்க் கண்காட்சிகளுக்கும் அவள் செய்த முகங்கள் போயின. போன வருடம் எங்கள் தெரு பூஜைக் கமிட்டியே வந்து துர்கை சிலை செய்து தரக் கேட்டது.

முகம் முடிந்த அன்று பார்க்க வந்த செயலாளர் திகைத்துப் போனார். "இது என்னம்மா, சீன முகமா இருக்கு? ஜனங்க எங்களைத்தான் கேப்பாங்க" என்றார் வங்காள மொழியில்.

"இந்த ஊர்ல பிறந்த முகம்தான், காக்கு. வேண்டாம்னா வேற ஆளை வெச்சுச் செஞ்சுக்கோங்க. நான் மாத்த மாட்டேன்."

சித்தப்பா என்று முறை வைத்துக் கூப்பிட்டாலும் அக்காவின் குரல் இறங்கவில்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த கீழ்வீட்டு ஜேட்டிமாதான், எல்லோருக்கும் பெரியம்மா, தெருவிலேயே மூத்தவள், சிலைக்குப் பக்கத்தில் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம மூணாவது மாடிக்காரி. என் பெண்ணுக்குக் கல்யாண அலங்காரம் பண்ணினவ. இந்த முகமே இருக்கட்டும்" என்றாள். செயலாளர் தலையாட்டினார்.

பூஜை நாட்களில் கூட்டம் முக்கியச் சாலை வரை நின்றது. பத்தாம் நாள், சிலையைக் கரைக்கக் கொண்டுபோகும் முன், சுமங்கலிகள் தேவிக்குக் குங்குமம் பூசி, இனிப்பு ஊட்டி, ஒருவருக்கொருவர் பூசிக்கொள்வது இங்கே வழக்கம். அம்மா இருந்தவரை அவளை அதற்கு யாரும் கூப்பிட்டதில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அன்று தெருப் பெண்கள் வரிசையாக ஏணியில் ஏறி அந்த அகன்ற கன்னங்களில், அந்தச் சின்ன மூக்கில், நெற்றியில் குங்குமம் பூசினார்கள். செயலாளரின் மனைவி இறங்கி வந்து, மிச்சமிருந்ததை அக்காவின் இரண்டு கன்னங்களிலும் அப்பினாள். அக்காவுக்குக் கல்யாணமாகவில்லையே என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிலையையே பார்த்தபடி நின்றார்.

"உங்கம்ம கீழ எறங்கி வந்துட்டா, பாத்தியா" என்றார்.