களத்தில் சொன்ன வாழ்த்து

புகழ்வதைப் போல இகழ்வது எப்படி என்று, திண்டிவனத்தில் நான் நான்காம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தபோது எங்கள் தமிழ் ஐயா ஒரு வாரம் பாடம் நடத்தினார். பழைய புலவர்கள் கஞ்சர்களை வள்ளல் என்று பாடிய கதைகளைச் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு பாட்டு எழுதி வரச் சொன்னார். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. சும்மா இருக்குமா? ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் அப்பா யாரிடம் பண்ணையாளாக இருந்தாரோ, அந்த நிலத்துக்காரரையே பாடினேன்.

சுமந்தால் எங்கள் தோள் நோகுமென்று நெல்லையெல்லாம் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கருணை. வயிறு கனத்தால் குனிந்து நட முடியாதென்று கூழை நீர்க்க ஊற்றும் அக்கறை. ஐயா அதை வகுப்பில் படிக்க, பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நிலத்துக்காரரின் தம்பி மகனும் அதே வகுப்பு. அவன் சிரிக்கவில்லை.

"நல்லா வந்திருக்குதும்மா. ஆனா இது இந்த ரூமோட இருக்கட்டும்," என்றார் ஐயா.

இருக்கவில்லை. மறுநாளே நிலத்துக்காரர் வீட்டிலிருந்து அப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. எங்கள் குடிசை நின்ற மண்ணும் அவருடையதுதான். அவர் விரட்டினால் வீடும் போகும், என் படிப்பும் போகும். நானும் கூடப் போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இன்னாடா, உம் பொண்ணு என்னைப் பத்திப் பாட்டு கட்டிக்கினு திரியுதாமே?"

"சின்னப் புள்ளைங்க ஆண்டே. தெரியாம..."

"இன்னா தெரியாம? புகழ்ந்துதானே பாடியிருக்குது. இல்லியா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க," என்றார்.

"அப்ப களத்துல வந்து சொல்லட்டும்."

அறுத்துத் தூற்றி நெல்லைக் குவித்ததும், கூலி அளப்பதற்கு முன் ஆட்களில் ஒருவர் நிலத்துக்காரரை வாழ்த்திச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒவ்வோர் அடிக்கும் 'ஆமாம் ஆண்டே' போட வேண்டும். வருஷா வருஷம் அப்பா சொல்வது அது. அந்த வருஷம் நான் சொன்னேன்.

தோள் நோகும் என்றேன். "ஆமாம் ஆண்டே." கூழைச் சொன்னேன். "ஆமாம் ஆண்டே." அம்மாவும் சொன்னாள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. நிலத்துக்காரர் மட்டும் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு எங்களுக்கு ஒரு மரக்கால் கூடுதலாக அளக்கச் சொல்லிவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து வூட்டு வேலைக்கு அனுப்புடா. பள்ளிக்கூடம் போனது போதும். வர்றவங்க போறவங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் நடுவில் திட்டியதற்கு அந்த மனிதர் நெல் கொடுக்கிறாரே! தினமும் கேட்க வேறு ஆசைப்படுகிறாரே! வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். "வாய மூடுடி," என்றாள் அம்மா.

விடிந்ததும் அப்பா சட்டிபானைகளை மூட்டை கட்டினார். விழுப்புரத்தில் ரயிலுக்குக் கரி அள்ளப் போவதாகச் சொன்னார். அங்கேதான் பின்னால் நான் படித்து முடித்தேன். கூடுதலாக வந்த நெல்லை மட்டும் அவர் தொடவில்லை. வாசலிலேயே கொட்டிவிட்டுக் கிளம்பினார். நாம் ஜெயித்த நெல்லை எதற்காக விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நான் அழுது சண்டை போட்டேன். அப்பா திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

எங்கள் எல்லோர் வாயாலும் 'ஆமாம்' சொல்ல வைத்த அந்த மனிதருக்கு என் பாட்டு புரியவே இல்லை என்றுதான் விழுப்புரம் போய்ச் சேரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.