தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்

மாத்தளை டவுனில் ஒரு தனியார் பட்டப்படிப்புக் கல்லூரியில், நிதி திரட்டும் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். வெளிநாட்டில் வசதியாக இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதி, மனதைக் கரைத்து, கட்டடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் பணம் வாங்குவதுதான் வேலை. கரைப்பதில் நான் கெட்டிக்காரி. என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். லயத்து வீட்டுக் கஷ்டத்தை எப்படிச் சொன்னால் கண் கலங்கும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. அதை விற்றுத்தான் சம்பளம் வாங்கினேன்.

இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை படிக்க வந்தாள். முதல் வருடம் எப்படியோ ஓடியது. இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த அப்பா படுத்த படுக்கை. அம்மாவின் கூலி மருந்துக்கும் சோற்றுக்கும் சரி. கட்டாவிட்டால் அந்தத் தவணையோடு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது எங்கள் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு புலமைப்பரிசில். கொடுப்பவர் மாத்தளையில் பிறந்து வெளிநாடு போன டாக்டர். சின்ன வயதில் அப்பாவை இழந்து, அம்மா தனியாக வளர்த்த பிள்ளை. அதனால் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார். தகப்பன் எழும்ப முடியாமல் கிடந்தால் அது கணக்கில் சேராதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யலாமென்றால், ஒரு பொய் சொல்லி ஒரு பட்டம் வாங்கக்கூடாதா? தகப்பன் காலமானார் என்று படிவத்தில் நானே எழுதினேன். பிள்ளையைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள். மரணச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கல்லூரிப் பணிப்பாளர் வாசித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்றார். அவர் எதையும் கேட்கமாட்டார். கேட்கிறவராக இருந்தால் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்திருக்காது.

புலமைப்பரிசிலைத் தன் கையாலேயே கொடுக்க டாக்டர் வந்தார். விழாவுக்குப் பிள்ளையின் அம்மாவையும் அழைக்கச் சொல்லிவிட்டார். காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். இருந்ததில் நல்ல சேலை, நெற்றியில் வட்டமாகக் குங்குமம், வகிட்டிலும் கொஞ்சம். வெள்ளைக்காரன் என்றால் தெரியாமல் போய்விடும். டாக்டர் தமிழர்.

கழிவறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லி, பொட்டை அழிக்கச் சொன்னேன். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள், எங்கள் வீட்டில் பொட்டைப் பெரிதாக நினைப்பதில்லை, அதனால் வாய் கூசவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். கூசியது. கூசிக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை.

"புள்ளைக்கு இது நிச்சயமா கெடைக்கும்தானே மிஸ்?"

கிடைக்கும் என்றேன். குழாயைத் திறந்து முந்தானை நுனியை நனைத்தாள். வகிட்டில் இருந்தது லேசில் போகவில்லை, இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது. தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்ற மாணவி, அந்த நெற்றியைப் பார்த்ததும் தட்டை மெல்ல ஒதுக்கிக்கொண்டாள். நல்ல வளர்ப்பு!

நான் எழுதிக் கொடுத்த நன்றியுரையைப் பிள்ளை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். அம்மா இருந்த பக்கம் திரும்பவேயில்லை. டாக்டர் அழுதார். அம்மாவையும் மகளையும் இரண்டு பக்கமும் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பின்னேரம் நான் வெளியே போனபோது, தெருமுனையில் சாத்தியிருந்த அம்மன் கோயில் வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். பஸ் போய்விடுமே, கடையில் ஒரு பொட்டு வாங்கி வைத்துக்கொண்டு ஏறலாமே என்றேன்.

"தொடச்சது நான்தானே மிஸ். அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வைக்கணும். அவரு வாசலப் பாத்துக்கிட்டே படுத்திருப்பாரு. வெறும் நெத்தியோட எப்படி உள்ள போறது?"

பஸ் போய்விட்டது. அவள் அசையவில்லை. நடை திறக்கும்வரை கூட இருக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த வருடம் எங்கள் ஆண்டு மலர் வந்தது. கொடையாளர்களுக்குப் போகிற மலர், உதவி பெற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி போகும். பணிப்பாளருக்கு அந்தப் படம் பிடித்துப்போனதால் அட்டையிலேயே போட்டார். தந்தையை இழந்த மாணவியும் தாயும் என்று அடியில் எழுதியது நான். பட்டியலைப் பார்த்து வரிசையாக உறைகளில் விலாசம் எழுதினேன். மலரைப் போட்டேன், ஒட்டினேன், தபாலுக்குக் கொடுத்தேன். மடச்சி, அந்த விலாசத்தை எழுதும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பகலில் அம்மா மலையில் கொழுந்து பறிப்பாள், மகள் இங்கே வகுப்பில் இருப்பாள், தபாலை வாங்கிப் பிரிப்பதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளை அலுவலகத்துக்கு வந்தாள். மலரை என் மேசைமேல் வைத்தாள். அட்டையில் அம்மாவின் நெற்றியின் மேல் யாரோ சிவப்புப் பேனையால் வட்டமாகப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"அப்பா கேக்கச் சொன்னாரு மிஸ், அவரு என்னைக்குச் செத்தாருன்னு."