காட்பாடிக் கொட்டகையில் ஒரு வெள்ளைக் கோடு

போன வாரம் காட்பாடி மேம்பாலத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி, தார்பாய்க்கு அடியில் உப்புப் போட்ட பச்சைத் தோல். ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார். நான் பொத்தவில்லை. அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் பல வருஷம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். நம்பினால் நம்புங்கள், தயிர்சாதம்கூட ருசித்தது.

அப்போது காட்பாடியில் இரண்டு ரயில் கம்பெனிகள். விழுப்புரத்திலிருந்து வரும் சின்ன லைன் ஒரு கம்பெனி. மெட்ராஸிலிருந்து ஆம்பூர் வழியாகப் போகும் பெரிய லைன் வேறு கம்பெனி. தண்டவாள அகலம் வேறு, ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. தெற்கிலிருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வரும் தோல் கட்டுகளைச் சின்ன வண்டியிலிருந்து இறக்கிப் பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கென்று நடுவில் ஒரு கொட்டகை, அதன் தரையில் நீளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சின்ன லைன் கிளார்க் கபூர் பாய். இந்தப் பக்கம் பெரிய லைன் கிளார்க் நான்.

கோட்டைத் தாண்டும் கட்டு நனைந்திருந்தால் எந்தக் கம்பெனியின் தப்பு என்று தினமும் தகராறு. நான் அவர் வண்டியின் கூரையைத் திட்டுவேன். அவர் என் கூலியாட்களைத் திட்டுவார். மத்தியானம் இரண்டு பேரும் டிபன் கேரியரை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துச் சாப்பிடுவோம். அவர் மனைவி சுலைகா எனக்கென்று சேமியா அனுப்புவார். அந்த அம்மாவுக்கு டி.பி. வாராவாரம் சின்ன லைனில் வேலூருக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வருவார் பாய். உடம்பு தேறிக்கொண்டு வந்தது. சேமியாவில் முந்திரி ஜாஸ்தியானதிலிருந்தே எனக்கு அது தெரிந்தது.

சுதந்திரத்துக்குப் பின் சர்க்கார் கம்பெனிகளை எல்லாம் ஒன்றாக்கியது. ஸ்டேஷனில் பூந்தி கொடுத்தார்கள். கபூர் பாயே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் அந்தக் கோட்டைத் தேய்த்துக் கழுவினார்.

"இனிமே நீயும் நானும் ஒரே வூடு, தோஸ்த். பேஜார் இல்ல."

இரண்டு முட்டாள்களும் பூந்தி தின்றோம்.

ஒரே கம்பெனிக்குள் ஒருவர் ஒப்படைக்க, ஒருவர் வாங்கிக்கொள்ள என்று இரண்டு கிளார்க் எதற்கு? கொஞ்ச நாளில் பாய்க்கு மானாமதுரைப் பக்கம் மாற்றல் வந்தது. அந்தச் சின்ன ஸ்டேஷனில் ஊசி போட ஆஸ்பத்திரி கிடையாது. நான் கட்டைப் பிரம்மச்சாரி, நான் போகிறேன் என்று ஆபீசில் கெஞ்சினேன். அது சின்ன லைன் வேலை, நீ பெரிய லைன் ஆள், முடியாது என்றார்கள். பாயிடம் வந்து சொன்னேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"சேத்துட்டோம்னாங்க. தூக்கி அடிக்கசொல்ல மட்டும் ரெண்டு கம்பெனியா?"

மனைவியை விட்டுப்போக இங்கே ஆளில்லை. கூட்டிக்கொண்டே போனார்.

சரக்கு வண்டிக் கதவில் சாக்கட்டியால் எழுதி அடுத்த ஊர் ஆளுக்குச் சேதி சொல்வது எங்கள் பழக்கம். 'கூரை ஒழுகுது, பாத்து ஏத்து' என்று எழுதுவோம். பாய் போனபின் தெற்கிலிருந்து வரும் கதவுகளில் எனக்குச் சேதி வந்தது. 'இங்க மழை இல்ல.' 'சுலைகா சுமார்.' நானும் திரும்பிப்போகும் காலி வண்டிகளில் பதில் எழுதினேன். எது போய்ச் சேர்ந்ததோ, எது மழையில் அழிந்ததோ.

ஒரு காலையில் வந்த வண்டியின் கதவில், 'சுலைகா போய்ட்டா' என்று இருந்தது. எந்தெந்த ஊரிலோ நின்று நின்று வந்த வண்டி அது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதே முடிந்துவிட்டதாக அந்த வண்டியோடு வந்த ரயில் கார்டு சொன்னார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு காலி வண்டியில், 'அண்ணி, சேமியா எப்போ?' என்று பெரிதாக எழுதி அனுப்பியிருந்தேன். அது அப்போதும் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அழிந்து போகட்டும் என்று வேண்டினேன். அதற்குப் பிறகு எந்தக் கதவிலும் பாய் எழுதவில்லை.

இப்போது சின்ன லைனும் அகலமாகிவிட்டது. கொட்டகை இல்லை. எதையும் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. தோலும் லாரியில் போகிறது. எல்லாம் ஒன்றாகிவிட்டது, நல்லதுதான் என்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கோடு இருந்தவரை அதற்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு ஆள் இருந்தார்.