சிஜோ இழுக்க முடியாத வில்

சார்ஜாவில் சிஜோவுக்கு ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை. 2006 கோடையில் ஒரு வில்வித்தைக் கிளப்பில் குளிர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். வேலையை முடித்துக் கூரையிலிருந்து இறங்கியவன், அங்கே ஒருவர் வில் இழுப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவன் படங்களில் கண்ட வில் மாதிரி இல்லை அது. அலுமினிய உடம்பு, இரண்டு முனையிலும் சக்கரம், சக்கரங்களுக்கு நடுவே நாணோடு சேர்ந்து ஓடும் கேபிள்கள். இழுக்கத் தொடங்கும்போது மூச்சு முட்டும் பாரம். முக்கால்வாசி இழுத்ததும் சக்கரங்கள் உருண்டு பாரத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு நிதானமாக நின்று குறி பார்க்கலாம். காம்பவுண்டு வில் என்றார்கள்.

எந்த இயந்திரத்தையும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல் விடாதவன் சிஜோ. வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கிளப்புக்குப் போகத் தொடங்கினான். ஊருக்குத் திரும்பிய பிலிப்பைன்ஸ்காரப் பயிற்சியாளர் ஒருவர் தன் பழைய வில்லை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கழற்றிப் பூட்டி, கேபிளை முறுக்கித் தளர்த்தி, எது எதை மாற்றினால் என்ன ஆகும் என்று கற்றுக்கொண்டான். அம்பின் வேகத்தை அளக்க அங்கே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதன் தலைக்கு மேலே அம்பு பறந்தால் திரையில் எண் விழும். வினாடிக்கு இருநூற்று எண்பத்தைந்து அடி வரை சிஜோ கொண்டுபோனான். நண்பர்கள் தோளில் தட்டினார்கள். அந்த எண்ணைக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் இருந்த மனைவி பெபிஷாவிடம் போனில் சொன்னான். அவள், "அப்பிடியா, கொள்ளாம், நல்லது" என்றாள்.

2012இல் ஒரு கட்டடத்தில் ஏ.சி. காற்று போகும் தகரக் குழாய்ப்பெட்டி ஒன்றை மேலே ஏற்றும்போது கயிறு நழுவி, அது அவன் வலது தோளில் விழுந்தது. எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கை அசையும், எழுதலாம், சாப்பிடலாம், ஆனால் பாரம் இழுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஊருக்கு அனுப்பியது. மற்ற சாமான்களை அங்கேயே பலருக்கும் கொடுத்துவிட்டு வந்தவன் வில்லை மட்டும் விடவில்லை.

ஊரில் அவன் அதிகம் பேசாமல் இருந்தான். பெபிஷா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுத்தாள். கல்லூரியில் ஈட்டி எறிந்தவள். தோளும் முதுகும் அப்போதும் உறுதியாக இருந்தன. ஒருநாள் மத்தியானம் வில்பெட்டியைத் தானாகவே திறந்து வில்லை வெளியே எடுத்தாள்.

"ஒண்ணு இழுத்துப் பாக்கட்டா?"

"அம்பு இல்லாம நாண விட்டிராத. வில்லு ஒடஞ்சி போவும்."

"விடமாட்டேன். இழுக்க மட்டும் செய்யுதேன்."

அவளால் பாதிகூட இழுக்க முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது. சிஜோ முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்து வந்தான். "அது எனக்க அளவுக்கு வெச்சது. ஒனக்குக் கொறச்சுத் தாறேன்" என்றான்.

அன்றைக்குத் தொடங்கியது வேலை. திருகு முடுக்கும் ஆலன் கீயை அவன் இடது கையில் பிடிக்க, வில்லை அவள் பிடித்துக்கொள்வாள். நாணைக் கழற்ற வேண்டுமானால் வில்லின் இரு கைகளையும் அழுத்தி வளைக்க ஒரு சட்டம் வேண்டும். கருங்கல் சந்தைக்குப் பின்னால் இருந்த வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பையும் பழைய கார் ஜாக்கியையும் சேர்த்து அதைச் செய்துகொண்டான். எய்து பார்க்க இடம் கொடுத்தது முருகதாஸ். சிஜோவோடு படித்தவன், வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம் வைத்திருந்தான். இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே ஐம்பது மீட்டர் நீளத்துக்கு நேர்வழி கிடைத்தது. கயிற்று ஆலையில் கழிக்கும் தேங்காய்நார்த் தும்புத்தூளைச் சாக்குகளில் இறுக்கி அடுக்கி, அதில் இலக்குத் தாளை ஒட்டினார்கள்.

முதலில் காகிதச் சோதனை. ஒரு மரச்சட்டத்தில் பழைய செய்தித்தாளை விரித்து ஒட்டி, சில அடி தூரத்தில் நின்று அம்பை அதனூடே எய்ய வேண்டும். அம்பு நேராகப் புறப்பட்டால் தாளில் உருண்டையாக ஒரு துளையும் இறகுகளின் மூன்று கீறலும் மட்டும் இருக்கும். வால் ஆடிக்கொண்டு போனால் கிழிசல் நீளும். எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்து, அம்பு உட்காரும் தாங்கியை ஒரு நூல் அளவு நகர்த்தினான் சிஜோ. கல்யாண விளம்பரங்களும் ரப்பர் விலையும் துளைதுளையாகப் போயின. கடைசியில் கிழிசல் சின்னதாகியது. பெபிஷாவுக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேகம் அளக்கும் பெட்டி ஒன்றைச் சிஜோ சார்ஜா நண்பன் மூலம் வரவழைத்தான். மரநிழல் அசைவதில் அது முதலில் தாறுமாறாக எண் காட்டியது. மேலே ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியதும் சரியாகிவிட்டது. இருநூற்றுப் பதினைந்து. சிஜோ அந்த எண்ணை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரங்களில் அவன் வில்லின் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். இழுப்பு நீளத்தைக் கூட்டினான். இலேசான அம்புகளை வாங்கினான். எண் ஏறிக்கொண்டே வந்தது. இருநூற்று ஐம்பதைத் தொட்ட நாளில் அவன் முருகதாஸுக்குப் போன் போட்டு வரச் சொன்னான். ஆனால் ஐம்பது மீட்டரில் அம்புகள் சிதறின. ஒன்று மேலே, ஒன்று ஓரத்தில். ஒன்று சாக்கையே தாண்டி ரப்பர் மரத்தில் போய்த் தைத்தது. முருகதாஸ் அதைப் பிடுங்கியபோது வெட்டிலிருந்து பால் வடிந்து அம்பெல்லாம் ஒட்டியது.

"மரத்தையும் பால் வெட்டுதியளா?" என்று கேட்டு அவன் சிரித்தான்.

சிஜோ சிரிக்கவில்லை. "நீ கைய அனக்குத, ஆட்டுத. அதான்" என்றான் மனைவியிடம்.

பெபிஷா அம்புகளைப் பொறுக்கினாள். வில்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தோட்டத்துக்கு வரவில்லை. யூனிபார்ம் தைக்கக் கிடக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் சிஜோ மெதுவாகக் கேட்டான்.

"ஏட்டி, வெறுத்துப் போச்சா?"

"வில்லு மேல ஒண்ணும் இல்ல."

"பின்ன?"

"ஒவ்வொரு அம்பு விட்டதும் எவ்வளவு எவ்வளவுன்னு அந்தப் பெட்டியத்தான் பாக்குதிய. இழுத்துட்டு நிக்கும்ப எனக்கு எப்பிடி இருக்குன்னு ஒருநாள் கேட்டியளா?"

சிஜோ நின்றுவிட்டான். கேட்டதில்லை. அவன் தோளுக்குத் தெரிந்த அந்த இழுப்பு, நாண் தாடையில் வந்து படுவது, எல்லாம் இன்னும் அவன் உடம்பில் இருந்தது. அவள் எய்யும்போதெல்லாம் அவன் தானே எய்துகொண்டிருந்தான். அவளுடைய தோள் வேறு என்பது அந்தத் தார்ரோட்டில் நிற்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"சரி. இப்பம் சொல்லு. எப்பிடி இருக்கு?"

அவள் வலது கையை மடக்கி, நாணைப் பிடித்தது போல வைத்துக்கொண்டு யோசித்தாள். "கடசி வர வந்த பொறவு ஒரு எடத்துல முட்டி நிக்கணும்லா. அப்பிடி நிக்கல்ல. மொதல்ல ஒருக்கா முட்டுது, பின்ன கொஞ்சம் போயி இன்னொருக்கா முட்டுது. படி எறங்கும்ப ஒரு படி குறைஞ்சா காலு ஒரு மாதிரி ஆவும்லா, அதுமாதிரி. அதுக்குள்ள முன்னால பிடிச்சு இழுக்கு. கழுத்து நோவுது."

வீட்டுக்கு வந்ததும் சட்டை மாற்றாமலே சிஜோ வில்லை எடுத்தான். அவளை மெல்ல இழுக்கச் சொல்லிப் பக்கத்தில் குனிந்து சக்கரங்களைப் பார்த்தான். மேல்சக்கரம் இழுப்பை நிறுத்தும் முட்டுக்கட்டையைத் தொட்ட பிறகும் கீழ்ச்சக்கரம் உருண்டுகொண்டிருந்தது. இத்தனை நாள் இழுத்ததில் ஒரு கேபிள் நீண்டிருக்கிறது. சார்ஜாவில் இதைத் தானே எத்தனையோ பேருக்குச் சரிசெய்து கொடுத்தவன். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சக்கரத்தைப் பார்க்கவில்லை.

ஜாக்கிச் சட்டத்தில் வில்லை அழுத்தி, கேபிளைச் சில முறுக்குகள் முறுக்கினான். இழுக்கச் சொன்னான். இன்னும் ஒரு முறுக்கு. இரண்டு சக்கரமும் ஒரே நொடியில் முட்டியபோது, அவன் பார்ப்பதற்கு முன்பே பெபிஷா, "இப்பம் நிக்குது" என்றாள். இழுப்பு நீளத்தை அரை அங்குலம் குறைத்தான். பாரத்தையும் இறக்கினான். இலேசான அம்புகளை ஒதுக்கிவிட்டுக் கனத்த அம்புகளையே திரும்ப எடுத்தான். வேகம் இருநூற்று இருபத்தெட்டுக்கு வந்தது. அம்புகள் எல்லாம் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு கையளவு இடத்தில் கூடின.

2014 ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் மாவட்டப் போட்டி நடந்தது. கணவாய்க் காற்று மணலை வாரிக் கொட்டியது. வேகமான வில்லும் இலேசான அம்புமாக வந்திருந்த சிலர் காற்றோடு மல்லுக்கட்டினார்கள். பெபிஷா நன்றாகவே எய்தாள். பாதிக்கு மேல் போன பிறகு அவள் அம்புகள் இடப்பக்கம் நகரத் தொடங்கின. எய்பவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் நின்ற சிஜோ, காற்று மாறிவிட்டது, வலப்பக்கம் தள்ளிக் குறி பார் என்று கையால் காட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இலக்குகளையும் மேலே கட்டியிருந்த கொடியையும் பார்த்தாள்; கொடி பழைய பக்கமே பறந்தது, மற்றவர்கள் அம்புகள் இடப்பக்கம் நகரவில்லை. தலையை ஆட்டினாள்: இல்லை.

அவள் கோட்டை விட்டுப் பின்வாங்கிக் குறி பார்க்கும் கண்ணாடி வளையத்தை விரலால் தொட்டாள். அது அசைந்தது. திருகு தளர்ந்து வளையம் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. இடுப்புப் பையிலிருந்து ஆலன் கீயை எடுத்து அதைப் பழைய அடையாளத்துக்குக் கொண்டுவந்து இறுக்கினாள். சுற்று முடிய நேரம் கொஞ்சமே இருந்தது. கோட்டுக்குப் போய் மூன்று அம்புகளை அவசரப்படாமல் எய்தாள். மூன்றும் மஞ்சளில் விழுந்தன.

அவளுக்கு மூன்றாம் இடம். மேடையிலிருந்து இறங்கி வந்தவளிடம் சிஜோ, "நான் காட்டின மாதிரி குறி பாத்திருந்தா எல்லாம் போயிருக்கும்" என்றான்.

"நீங்க அங்க நிக்குதிய. வில்லு எனக்க கையில நிக்குது" என்றாள் அவள். கோபமாக இல்லை. பசிக்கிறது என்று சொல்லி அவனை ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மாநிலப் போட்டியில் பதினொன்றாவதாக வந்தாள். அங்கே எய்தவர்கள் வேறு தரத்து ஆட்கள் என்று ஊரில் வந்து எல்லாரிடமும் ஆசையோடு சொன்னாள். அடுத்த ஆண்டு மகள் அபினா பிறந்தாள். ஒரு வருடம் போல வில் சுவரில் தொங்கியது. மறுபடி எடுத்தபோது பழைய அளவு எதுவும் பொருந்தவில்லை. முதுகு மாறியிருந்தது, நிற்கும் விதம் மாறியிருந்தது. சிஜோ எல்லாத் திருகையும் தளர்த்திவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினான்.

அதற்குள் மார்த்தாண்டத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வில்லைச் சரிசெய்துகொள்ள ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முருகதாஸ் தோட்டத்தின் ஓரத்தில் ஓடு போட்ட ஒரு சிறு கொட்டகை கட்டிக் கொடுத்தான். அங்கே வருகிறவர்களை வேகப்பெட்டிக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன்பு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சிஜோ அவர்களை இழுக்கச் சொல்வான். எங்கே முட்டுகிறது, எங்கே நோகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். சொல்லத் தெரியாமல் விழிப்பவர்களை அவன் அவசரப்படுத்துவதில்லை. தையல் வேலை இல்லாத நேரமாக இருந்தால் பெபிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். குழந்தையை அவன் மடியில் இறக்கிவிட்டு, தன் வில்லை இழுத்து நின்று, அது எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.